மழைக்கு விடுமுறை உண்டு, வெள்ளத்துக்கு இல்லை

ஐப்பசி பிறந்தால் போதும், பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் அறிவுரைகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். பிள்ளைகளை நீர்நிலைகளுக்கு அருகே விடாதீர்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிக்க விடாதீர்கள். ஈரச் சுவரில் சாய விடாதீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள். விடுமுறை நாளில் வெளியே அனுப்பாதீர்கள். கடைசியில் ஒரு வரி: இதையெல்லாம் பெற்றோர் உறுதி செய்ய வேண்டும்.

ஒன்றுகூடத் தப்பான பேச்சு இல்லை. ஆனால் இதை எழுதியவர் லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ ஒரு மழைநாள் நின்று பார்த்திருந்தால் முதல் வரியை இப்படி எழுதியிருக்க மாட்டார். எங்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. நடுவில் இருக்கிற மணல்திட்டில்தான் வீடு, கோயில், கடை எல்லாம். வாசலை விட்டு நாலு எட்டு வைத்தால் தண்ணீர். பின்பக்கம் போனாலும் தண்ணீர். எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் விடாமல் பிள்ளையை வைத்திருப்பது? அப்பா கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பார், அம்மா கூடையோடு ஏலத்துக்கு நிற்பாள், ஆயா நண்டைக் கழித்துப் போடுவாள். பிள்ளையும் அங்கேதான் நிற்கும். வேறே எங்கே நிற்கும்?

நானும் அந்தக் குழுவில் இருக்கிற தாய்மாரில் ஒருத்தி. வருஷா வருஷம் அதே வரிகள், எழுத்துப் பிழைகூட மாறாமல் வருகின்றன. திருவள்ளூர் டவுனில் இருக்கிற பிள்ளைக்கும் அதே வரி, மலையடிவாரத்துப் பள்ளிப்பட்டுப் பிள்ளைக்கும் அதே வரி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற எங்கள் பிள்ளைக்கும் அதே வரி. படித்துவிட்டு ஒவ்வொரு அம்மாவும் கும்பிடு போடுகிற பொம்மையை அனுப்புகிறாள். அதோடு சரி. யாரும் எதையும் மாற்றிச் செய்வதில்லை, ஏனென்றால் மாற்றிச் செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

விடுமுறை விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் பள்ளி உண்டா இல்லையா என்பதை அந்தந்த மாவட்ட ஆட்சியர் முடிவு செய்து அறிவிப்பதுதான் தமிழ்நாட்டு வழக்கம். சில நாள் முந்தின ராத்திரியே செய்தி வந்துவிடும். வராத நாளில் விடிந்த பிறகுதான் டிவியில் கீழே ஓடும். காலை ஏழு மணி என்பது நகரத்தில் பிள்ளை பல் தேய்க்கிற நேரமாக இருக்கலாம். எங்கள் ஊரில் அது பாதி வேலை முடிந்த நேரம். ராத்திரி ஏரிக்குப் போனவர்கள் கரைக்கு வந்திருப்பார்கள். ஏலம் நடந்து முடிந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் பஸ் ஏறியிருப்பார்கள். வீட்டில் ஒரே ஒரு போன் என்றால் அது பிளாஸ்டிக் பையில் சுற்றி அப்பா இடுப்பில் இருக்கும். பொன்னேரிக்குப் போய்ப் படிக்கிற பெரிய பிள்ளைகள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பியிருக்கும். அதற்குப் பிறகு விடுமுறை என்று சொன்னால், அந்தப் பிள்ளை நனைந்தபடி பொன்னேரி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, திரும்பி வர அடுத்த வண்டி எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் யார் பொறுப்பில் இருக்கிறது அது? பள்ளி திறக்கவில்லை, வீட்டிலும் ஆள் இல்லை.

"சார், இன்னைக்கு ஸ்கூல் உண்டா?" என்று ஆசிரியருக்கு போன் போட்டால், "எங்களுக்கும் இன்னும் ஆர்டர் வரலம்மா, நீங்க டிவியைப் பாத்துக்கோங்க" என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அவரும் எங்கோ தூரத்திலிருந்து வண்டி பிடித்து இந்தச் சாலையில்தான் வர வேண்டும். ஆனால் எங்கள் கரைக்குச் சேதி முன்கூட்டியே வந்து சேர முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள் என்றால், எந்த நாள், எந்த நேரம், எதுவரைக்கும் கடலுக்குப் போகக் கூடாது என்று மீன்வளத்துறையிலிருந்து முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். குப்பம் குப்பமாகச் சேதி போகிறது. நாங்களும் வலையை உலர்த்திவிட்டு உட்காருகிறோம். அதே கரை, அதே ஜனம், அதே வழி. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சேதிக்கு மட்டும் அந்த வழியை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை? கோயில் மைக்கில் ஐந்து மணிக்கு ஒரு வார்த்தை சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும். அதற்கு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒருவர் முந்தின ராத்திரி போனில் பேசினால் போதும்.

நேரம் தப்புவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆற மாட்டாத இடம் இன்னொன்று. விடுமுறை வானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. எங்களுக்கு ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை.

ஆரணி ஆறு ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வந்து எங்கள் ஏரியில்தான் கலக்கிறது. மேலே மழை பெய்து அணை நிரம்பினால் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் எங்களிடம் வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்குள் இங்கே மழை விட்டிருக்கும், வெயில்கூட அடிக்கலாம். டிவியில் எச்சரிக்கை நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருக்கும். நாளைக்குப் பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும் என்று அறிவிப்பு வரும். அன்றைக்குத்தான் ஆறு கரை புரளும். ஆண்டார்மடம் பக்கம் கரை உடைந்து பாதை அறுந்துபோன வருஷங்கள் உண்டு. ஏரி ஏறி வீதிக்குள் வருவதும் மழை விட்ட பிறகுதான். மழை கொட்டிய நாளில் பிள்ளை வீட்டுக்குள் பத்திரமாக இருந்திருக்கும். வெள்ளம் வருகிற நாளில் பையை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்கும். வெயிலடிக்கிற நாளில் பிள்ளையைப் போகாதே என்று நிறுத்தினால் வருகைப் பதிவில் விடுப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளை என்றால் கேள்விமேல் கேள்வி.

கடலும் அப்படியே. புயல் எங்கேயோ வடக்கே கரை கடந்திருக்கும். இங்கே அலை அடங்க இன்னும் நாளாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லாவுக்குப் பக்கத்தில்தான் 5ஆம் தேதி கரை ஏறியது. அதற்கு முந்தின இரண்டு நாளும் சென்னையையும் எங்கள் மாவட்டத்தையும் போட்டு அடித்துவிட்டுப் போனது. அந்தத் தடவை பள்ளிகளை ஒரு வாரம் போல மூடிவைத்தார்கள், அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் அவ்வளவு பெரிய புயல் வந்தால்தான் அப்படி யோசிக்கிறார்கள். பெயர் வைக்காத காற்றழுத்தத் தாழ்வு எத்தனையோ ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் வந்து போகிறது. வாடைக் காற்று ஓங்கி அடித்து, கடல் சீறி, காட்டுப்பள்ளி போகிற கரையோரச் சாலையை மணல் மூடிவிட்டால், அன்றைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வரும் என்று யாராவது கணக்கில் எடுக்கிறார்களா?

மாவட்டம் முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே முடிவு என்பதால் வருகிற வினை இது. கனடாவில் டொரண்டோவில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பனிக்காலக் காலையில் வருகிற சேதியில், பள்ளி திறந்திருக்கிறதா என்பது தனி, பள்ளிப் பேருந்து ஓடுகிறதா என்பது தனி. பள்ளி உண்டு, இன்றைக்குப் பேருந்து கிடையாது என்று விடிவதற்குள் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் பனி கொட்டுகிற ஊர்களில் முழு விடுமுறை விடாமல் இரண்டு மணி நேரம் தாமதமாகப் பள்ளியைத் திறப்பதும் உண்டு. பாதை சரியாகட்டும், வெளிச்சம் வரட்டும், பிறகு வாருங்கள் என்று அர்த்தம். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். பள்ளிக் கட்டடம் நனையாமல் இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. பாலத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டிப் பிள்ளை போய்ச் சேர முடியுமா என்பதே முதல் கேள்வி. பாலம் வருவதற்கு முன்னால் ஏரியைப் படகில் கடந்து படித்த தலைமுறை எங்களுடையது. காற்று பார்த்து, நீரோட்டம் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லப் படகுக்காரர் ஒருவர் இருந்தார். பாலம் வந்தது பெரிய நிம்மதி. ஆனால் பார்த்துச் சொல்கிற அந்த ஆளுடைய இடத்தில் இன்றைக்கு ஒருவரும் இல்லை.

விடுமுறை விட்ட நாளில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பத்திரமாக இருப்பதாக அறிவிப்பு எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைதான் எங்கள் ஏரியில் இறால் காலம். மழைத் தண்ணீர் இறங்கி, முகத்துவாரம் திறந்து, கடல்நீரும் நல்ல தண்ணீரும் கலக்கும்போது இறால் ஓடும். கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிற நாளில் ஏரிதான் சோறு. கை போதாது. ஏழாவது எட்டாவது படிக்கிற பையன் வீட்டில் இருக்கிறான், விடுமுறை வேறு. "வாடா, கூட ஒரு கை பிடி" என்று அப்பா கூப்பிட்டால் அவன் போவான். நான் கூப்பிட்டாலும் போவான். அவனைக் கூப்பிடுகிற அப்பன் கொடுமைக்காரன் இல்லை. கடன் வாங்கி வலை போட்டவன், இந்த ரெண்டு மாசத்தில் சம்பாதித்தால்தான் உண்டு.

கரையோரம் இருளர் வீடுகளில் இன்னும் கஷ்டம். படகும் கிடையாது, வலையும் கிடையாது. பறியை வைத்துக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அம்மா கழுத்தளவு தண்ணீரில் இருக்கும்போது அவளுடைய சின்னப் பிள்ளை எங்கே இருக்கும்? கரையில், இன்னொரு சின்னப் பிள்ளையின் பொறுப்பில். பள்ளி நாளாக இருந்தால் அந்தப் பெரியது வகுப்பில் இருக்கும், சின்னது அங்கன்வாடியில் இருக்கும். மழை விடுமுறை அந்த இரண்டு இடத்தையும் மூடிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகள் நீரில் மூழ்கிச் சாவதைத் தடுக்க முதலில் சொல்கிற யோசனைகளில் ஒன்று, பள்ளி வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குத் தண்ணீரை விட்டு விலகிய, ஆள் பார்த்துக்கொள்கிற இடம் வேண்டும் என்பது. வங்கதேசத்தின் நீர்சூழ்ந்த கிராமங்களில் அப்படிக் காப்பகங்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த இடம் ஏற்கெனவே கட்டித் தயாராக இருக்கிறது. அங்கன்வாடி என்று பெயர். எந்த நாளில் அது அதிகமாகத் தேவையோ அந்த நாளில் அதைப் பூட்டுகிறார்கள்.

சாப்பாடும் அதோடு நிற்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம், அடுத்த வருஷம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. கிராமத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தது 2024 ஜூலை 15 அன்று, அதுவும் எங்கள் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் தொடங்கிவைத்தார்கள். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று என்னைப்போல விடியற்காலத்தில் கூடை தூக்குகிறவளிடம் கேட்க வேண்டும். பிள்ளை வெறும் வயிற்றோடு போகிறதே என்ற உறுத்தல் இல்லாமல் ஏலத்தில் நிற்க முடிகிறது. மதியமும் முட்டையோடு சோறு. கடல் சீறிக்கொண்டிருக்கும் வாரத்தில், அப்பாவுக்கு வருமானமே இல்லாத அதே வாரத்தில், இந்த இரண்டு வேளையும் நின்றுபோகிறது. கொரோனாக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்களே. அப்போது முடிந்தது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் மழை விடுமுறை விட்டால், குப்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது அந்த ஏற்பாட்டைச் செய்யக் கூடாதா? பள்ளி திறந்தபிறகு சனிக்கிழமை வகுப்பு வைத்துப் பாடத்தை ஈடுகட்டுகிறார்கள். போன சோற்றை எந்தச் சனிக்கிழமை ஈடுகட்டுவது?

இனி டிசம்பர். இந்த மாசத்தை நினைத்தாலே எங்கள் பக்கம் வயிற்றில் ஒரு பயம் உண்டு. 2004இல் சுனாமி வந்தது 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. 2011இல் ஏரியில் படகு விபத்து நடந்தது 25ஆம் தேதி, அதுவும் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து படகில் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. ஒருவர் மேலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டது எங்கள் ஆட்கள்தான். அந்த வேலையைச் செய்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

இரண்டு நாளும் அரையாண்டு விடுமுறை நாட்கள். பள்ளிக்கூடம் எழுதுகிற பாதுகாப்பு அறிவுரை முழுக்கப் பள்ளி நடக்கிற நாளைச் சுற்றியே இருக்கிறது. பேருந்துப் படியில் நிற்காதே, சுவிட்சைத் தொடாதே, இடிந்த கட்டடத்துக்குப் பக்கம் போகாதே. விடுமுறை விடுகிற கடைசி மணி அடித்ததும் அவர்கள் பொறுப்பு முடிகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து அந்த மணிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஊருக்கு விருந்தாளி வருகிறார்கள். பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். முகத்துவாரம் பார்க்க வேண்டும், படகு உண்டா என்று கேட்கிறார்கள். பத்து வயசுப் பையன் வழிகாட்டப் படகில் ஏறிக்கொள்கிறான், கையில் ஐம்பது ரூபாய் கிடைக்கும் என்று.

2011க்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். வெளியூர்க்காரர்களைக் காப்பாற்ற அது வேண்டியதுதான். ஆனால் அந்தத் தடை எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தடை போட்டாலும் போடாவிட்டாலும் அவர்கள் தினம் படகில் ஏறுகிறவர்கள். வேன் விஷயத்தில் நாடு எவ்வளவோ பாடம் படித்துவிட்டது. 2009 டிசம்பர் 3 அன்று வேதாரண்யம் பக்கம் பள்ளி வேன் குளத்தில் விழுந்து 9 பிஞ்சுகளும், பிள்ளைகளைக் காப்பாற்றப் போராடிய ஆசிரியை ஒருவரும் போனார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு சின்னப் பெண் விழுந்து செத்தது. அதற்குப் பிறகு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் போட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, படிக்கட்டு எல்லாம் பார்க்கிறார்கள். வண்டி என்றால் சட்டம் இருக்கிறது. பிள்ளை ஏறுகிற படகைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 2024 ஜனவரியில் குஜராத்தின் வடோதராவில், சுற்றுலா கூட்டிப்போன பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் 2 பேரும் ஹர்ணி ஏரியில் போய்விட்டார்கள். அளவுக்கு மேல் ஏற்றியதும், லைஃப் ஜாக்கெட் போடாததும் அங்கேயும் இருந்தது. எங்கள் ஏரியில் 22 பேர் போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் அதே காரணம்.

லைஃப் ஜாக்கெட் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதும் உண்மை. "ஏரியிலே பொறந்த புள்ளைக்கு எதுக்கும்மா அது?" அவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். நடக்கத் தெரிகிறபோதே நீந்தத் தெரிந்துவிடும் எங்கள் பிள்ளைகளுக்கு, சத்தியம். ஆனால் அவர்கள் பழகியது சும்மா கிடக்கிற தண்ணீரில். ஆவணி புரட்டாசியில் ஏரி பெரும்பாலும் இடுப்பளவு, சில இடத்தில் முழங்கால். கார்த்திகையில் ஆற்று வெள்ளம் இறங்கி முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொண்டால், அதே இடத்தில் ஆள் நிலைக்காது. வற்றம் இறங்கும்போது முகத்துவாரத்தில் ஒரு இழுவை இருக்கும் பாருங்கள், வயசுப் பையன்களையே கடலுக்குள் கொண்டுபோய்விடும். போன மாசம் மணல்மேடாக இருந்த இடம் இந்த மாசம் பள்ளம். இது நன்றாகத் தெரிந்த ஐம்பது அறுபது வயசு மீனவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது எந்தப் பள்ளிக்கூடமாவது கூப்பிட்டு, "அண்ணா, புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு நாள் வந்து பிள்ளைங்களுக்கு எங்கெங்கே இறங்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்று கேட்டதாக நான் அறியவில்லை.

அவர் சொல்வதை மட்டும் கேட்டால் போதாது, செய்து பழக வேண்டும். முழுகுகிற ஒருவனைப் பார்த்தால் சின்னப் பிள்ளை என்ன செய்யும்? குதிக்கும். அப்படிக் குதித்து இரண்டு பேராகப் போன கதை ஒவ்வொரு கரையிலும் இருக்கிறது. குதிக்காதே, கத்து, கயிறு போடு, கழியை நீட்டு, காலி கேனைத் தூக்கி எறி என்பதை ஒரு வகுப்பு நேரத்தில் கரையிலேயே பழக்கிவிடலாம். கயிறும் கழியும் கேனும் இல்லாத கரை எங்களிடம் கிடையாது. நீச்சலோடு இந்த மீட்புப் பழக்கத்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 2021இல் ஐநா சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாள் என்று அறிவித்ததும் இதற்காகத்தான். மரம் நடும் நாள், கை கழுவும் நாள் எல்லாம் எங்கள் பள்ளிகளில் நடக்கிறது. ஏரிக்கரைப் பள்ளியில் இந்த ஒரு நாள் நடக்கவில்லை.

லைஃப் ஜாக்கெட்டும் பெரிய ஆள் அளவில்தான் கரையில் கிடைக்கிறது. எட்டு வயசுப் பிள்ளைக்கு அதை மாட்டிவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் தலைவழியாகக் கழன்றுவிடும். சின்ன அளவில் பத்து வாங்கிப் பள்ளியிலேயே வைத்து, படகில் போகிற நாளில் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பது ஒரு மாவட்டத்துக்கு முடியாத காரியமா? பஸ்ஸுக்கு முதலுதவிப் பெட்டி வாங்க முடிகிறதே.

மார்கழியில் இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கோபிப்பார்கள். பொதுத்தேர்வு வகுப்புகளுக்குச் சாயங்காலம் சிறப்பு வகுப்பு நடக்கும். ஆறு மணிக்குள் இருட்டிவிடும். பஸ் தவறினால் ஏரிக்குமேல் பாலத்தில் காற்றோடு நடந்து வர வேண்டும். சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, எங்கள் பெண்கள் படிக்க வேண்டும். வகுப்பைக் காலையில் வையுங்கள், இல்லையென்றால் பஸ் நேரத்தோடு சேர்த்து முடியுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், கழிவறை பற்றியும் சத்துணவு பற்றியும் பேசுகிறோம், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். வருகிற புரட்டாசிக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்கப் போகிறேன். மாவட்டத்திலிருந்து வருகிற பொது அறிவுரை வரட்டும், அதற்குக் கீழே எங்கள் ஊருக்கு என்று ஒரு தாள் எழுதுங்கள். எந்தச் சாலை எவ்வளவு தண்ணீர் ஏறினால் பிள்ளை வர வேண்டாம், பிச்சாட்டூரில் தண்ணீர் திறந்தால் யார் யாருக்குச் சொல்வது, முகத்துவாரத்தில் எந்த இடம் இந்த வருஷம் பள்ளம், விடுமுறை நாளில் சின்னப் பிள்ளைகளை எந்தக் கூடத்தில் யார் பார்த்துக்கொள்வது, கோயில் மைக்கில் யார் பேசுவது. ஊர்ப் பஞ்சாயத்தாரையும் படகுக்கார அண்ணன்மார் இரண்டு பேரையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வைத்து எழுத வேண்டும். "பெற்றோர் உறுதி செய்ய வேண்டும்" என்ற வரிக்குப் பக்கத்தில், பள்ளி எதை உறுதி செய்யும், பஞ்சாயத்து எதை உறுதி செய்யும் என்றும் வரி இருக்க வேண்டும். அது நோட்டில் ஏறாதவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் பக்கத்தில் உட்காரும் அக்காமாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்களும் போட மாட்டார்கள்.